நாற்பத்து மூன்றாவது ஆள்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஒற்று எங்கே போடுவது, எந்த ல, எந்த ள என்பதெல்லாம் எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பனியன் கம்பெனிக்குப் போனவன் நான். இதைத் தட்டச்சு செய்பவர் பிழைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். எத்தனை பிழை என்று எனக்குச் சொல்ல வேண்டாம். கூச்சமாக இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி, எங்கள் முருகன் கோவில் ஆண்டு மலர்க்காரர்கள் மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். மொரீசியஸ் தீவுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அதில் பெரும்பாலான பகல்கள் ஒரு கட்டிங் டேபிள் முன்னால் நின்றே கழிந்தன. திருப்பூரில் வெட்டிய அதே பனியன் துணியைத்தான் இங்கேயும் வெட்டுகிறேன். நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு, கடலைப் பார்த்தது பத்துத் தடவை இருக்கும்.

இந்த வருடம் எழுத ஒன்று கிடைத்தது. அம்மாவை ஒரு முதியோர் குடியிருப்பில் சேர்க்கலாமா என்று பார்க்கப் போன இடத்தில், அம்மாவையே தொலைத்துவிட்டேன். அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. பொங்கலூர்ப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

2

அம்மாவின் பெயர் ராமாத்தாள். வயது எழுபத்து நான்கு. அப்பா இறந்த பிறகு திருப்பூரில் எங்கள் லைன் வீட்டில் தனியாக இருந்தார்.

ஞாயிறுதோறும் எங்களுக்கு மதியம் பன்னிரண்டரை ஆகும்போது ஊரில் இரண்டு மணி. அப்போது வீடியோவில் கூப்பிடுவேன். அம்மா போனைக் கட்டிலில் மல்லாக்க வைத்துவிட்டுத்தான் பேசுவார். கையில் பிடித்தால் வலிக்கிறதாம். அதனால் வருடக்கணக்காக நான் பார்த்தது எங்கள் வீட்டு மின்விசிறியைத்தான். அதன் மூன்று இறக்கைகளில் ஒன்று வேறு விசிறியில் இருந்து கழற்றி மாட்டியது, பச்சை நிறம். என் மகன் சின்னப் பையனாக இருந்தபோது அந்த விசிறிதான் அப்பாயி என்று நினைத்திருந்தான். அதைப் பார்த்துக் கும்பிடுவான்.

சித்திரையில் ஒரு ஞாயிறு, மூன்று இறக்கைகளும் ஒரே நிறத்தில் சுற்றின.

“அம்மா, எங்கிருக்கற?”

“ஊட்லதான் கண்ணு.”

“இது நம்மூட்டு ஃபேன் இல்லியே.”

“ஃபேன மாத்திட்டன்” என்றார்.

பக்கத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. “ஏனுங்கக்கா, பையன்கிட்டயே பொய் சொல்றீங்க. அண்ணா, நான் மளிகைக்கடை செல்வி பேசறனுங்க. அக்கா பாத்ரூம்ல வழுக்கி உளுந்துட்டாங்க. மணிக்கட்டுல விரிசல். நாலு நாளா எங்கூட்லதான் வெச்சிருக்கறமுங்க.”

“எப்படிங்க தெரிஞ்சுது?”

“காத்தால போட்ட பால் பாக்கெட்டு பொழுதோட வரைக்கும் எடுக்காமக் கெடந்துச்சுங்க. வெசனமா இருந்துச்சு. போயிப் பாத்தனுங்க.”

காலையில் விழுந்தவர் சாயங்காலம் வரை ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். பால் பாக்கெட் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை நேரம் கிடந்திருப்பாரோ.

3

இங்கே கூட்டி வந்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கூட்டி வந்தேன். சில வருடங்களுக்கு முன்பு, மூன்று மாதம். அதற்கான விசாவுக்கே, அவர் என்னைப் பெற்றவர்தான் என்று காகிதத்தில் காட்ட வேண்டியிருந்தது. ரேஷன் கார்டில் ராமாத்தாள். ஆதாரில் ராமாத்தா. என் பிறப்புச் சான்றிதழில் எழுதியவர் யாரோ ராமாயி என்று எழுதி வைத்திருந்தார். இந்த மூன்று பேரில் உங்கள் அம்மா யார் என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். மூன்று பேரும்தான் என்று சொல்வதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மூன்று முறை திரும்பி வந்தேன்.

அம்மா முப்பத்தொரு வருடம் செக்கிங் டேபிளில் நின்றவர். தைத்து வரும் பனியனை விளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் விட்ட இடமோ இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அந்த வேலை. வேலையை விட்ட பிறகும் கைப்பையில் ஒரு ரோல் ஸ்டிக்கர் எப்போதும் இருக்கும்.

எங்கள் பக்கத்து வீட்டில் மதாம் முத்துசாமி என்று ஓர் அம்மாள் இருக்கிறார். பெயர் தமிழ், வீட்டில் முருகன் படம், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஒருநாள் அவர் நடுங்கிக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப்போய்க் கொடியில் காயும் துணிகளைக் காட்டினார். எல்லாமே உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போடப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் சிவப்பு அம்பு. யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று அவர் பூசாரிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“அந்தம்மா ஜாக்கெட்டுல மூணு எடத்துல தையல் உட்டிருக்குது. சொல்ல பாஷ தெரியல. வேற எப்படிச் சொல்றது?” என்றார் அம்மா.

வீட்டுக்குள் அவருக்கு அந்த வேலையும் இல்லை. என் பிள்ளைகள் இந்தத் தீவின் மொழியான கிரியோல் பேசுகிறவர்கள். என்னிடமே கிரியோலில் கேட்பார்கள், நான் தமிழில் பதில் சொல்வேன், அவரவர் புரிந்த மட்டும் எடுத்துக்கொள்வோம். அப்பாயி என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டிவிட்டுத் தங்கள் அறைக்குப் போய்விடுவார்கள். மரியாதைக் குறைவு கிடையாது. அம்மா சோபாவில் உட்கார்ந்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பிரெஞ்சு டிவி பார்ப்பார். மூன்றாவது மாதம் முடிவதற்குள் பெட்டி கட்டிவிட்டார்.

“என்னம்மா கொற இங்க?”

“ஒரு குத்தமும் இல்ல கண்ணு. அதான் இருக்க முடியல.”

4

மணிக்கட்டில் விரிசல் விட்ட பிறகு பதினொரு நாள் விடுப்பில் ஊருக்குப் போனேன். கல்லூரியில் படிக்கும் என் மகள், முதியோர் குடியிருப்பு ஒன்றை எப்படி மதிப்பிடுவது என்று இணையத்தில் தேடி நாற்பது கேள்விகள் எடுத்துக் கொடுத்தாள். கதவு சக்கர நாற்காலி போகும் அகலமா, இரவில் மணி அடித்தால் யார் வருவார்கள், டாக்டர் எப்போது வருவார் என்று அவள் கிரியோலில் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதி, கிளிப் வைத்த அட்டையில் மாட்டிக்கொண்டேன். கதவை அளக்க டேப் தனியாக எடுக்க வேண்டியதில்லை. அது எப்போதும் என் கழுத்தில்தான் தொங்கும். அது இல்லாமல் வெளியே போனால் எனக்குச் சட்டை போடாதது மாதிரி இருக்கும்.

அந்தக் குடியிருப்பை ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி கட்டியிருக்கிறார். டாக்சி கேட்டில் நின்றதும் காவலாளி சல்யூட் அடித்தார். டை கட்டிய ஒருவர் ஓடி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். மேலாளர், சபரீசன் என்று பெயர்.

“வாங்க சார். வெளிநாட்டுலருந்து வர்றீங்களா சார்?”

“ஆமாங்க. மொரீசியஸ்.”

“ஒங்களத்தான் சார் காத்தாலருந்து எதிர்பாத்துட்டு இருக்கறோம்.”

முந்தின நாள் காவலாளியிடம் போனில் சொல்லியிருந்தேன். அதனால் எதிர்பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த எக்ஸ்போர்ட் கம்பெனியிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், இந்த தர்ம காரியம் நிஜமாக நடக்கிறதா என்று பார்க்க அன்றைக்கு ஓர் ஆடிட்டரை அனுப்புவதாக இருந்தது எனக்கு எப்படித் தெரியும். என் அட்டையையும் கழுத்து டேப்பையும் பார்த்து சபரீசன் முடிவு செய்துவிட்டார்.

இளநீர் கொடுத்தார்கள். “மொதல்ல டாய்லெட் பாக்கறீங்களா, தீயணைப்புக் கருவி பாக்கறீங்களா சார்?” என்றார். அவர் போன மாதம் வரை அதே கம்பெனியில் ஆடிட் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவராம்.

“எதானாலும் சரிங்க” என்றேன். என் வாழ்க்கையில் வேலை, கல்யாணம், மொரீசியஸ் எல்லாமே இந்தச் சொல்லால் கிடைத்தவைதான்.

அம்மா டாக்சியின் அந்தப் பக்கக் கதவு வழியாக, கையில் மாவுக்கட்டோடு இறங்கினார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பாட்டுக்கு உள்ளே நடந்து போய்விட்டார்.

இடம் சுத்தமாக இருந்தது. ஒரு மாடி. வேப்பமரங்கள். அங்கே இருந்த ஆண்கள் எல்லாம் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய டி-சர்ட் போட்டு வேட்டி கட்டியிருந்தார்கள். பெண்களும் சேலைக்கு மேல் டி-சர்ட் போட்டிருந்தார்கள். நெஞ்சில் கொம்பு முளைத்த ரோஸ் நிறக் குதிரை போட்ட ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆறுமுகம் என்றார்கள். எண்பத்தோரு வயது. பக்கத்தில் போய், அட்டையில் இருந்த ஏழாவது கேள்வியைக் கேட்டேன்.

“சாப்பாடெல்லாம் எப்படிங்க?”

அவர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். “எனக்குப் பதினெட்டு வயசு முடிஞ்சுதுங்க. வயசுச் சான்று ஆபீசுல இருக்குதுங்க.”

“இல்லீங்க, சாப்பாடு.”

“எட்டு மணி நேரந்தானுங்க வேலை. ஓவர்டைம் விருப்பப்பட்டாத்தான் பாக்கறமுங்க. தண்ணி குடிக்கப் போறதுக்கு ஆரையும் கேக்க வேண்டாமுங்க.”

நாற்பது வருடம் பனியன் கம்பெனியில் இருந்தவர். கையில் அட்டையோடு யார் வந்தாலும் இதைச் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது இன்னும் மறக்கவில்லை. நான் சிரிக்கவில்லை. அதே பதில்களை நானும் ஒரு காலத்தில் மனப்பாடம் செய்தவன்.

அடுத்த அறைக்குப் போனபோது சபரீசன் திடீரென்று நின்றார். சுவரில் ஒரு விரிசல். அதன் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு. குளியலறைக் கைப்பிடியில் ஓர் அம்பு. ஒழுகும் குழாயில் ஓர் அம்பு. சமையலறையில் சாம்பார் அண்டாவின் மூடியில் ஓர் அம்பு.

“சார், எப்ப சார் ஒட்டினீங்க? கூடத்தான வந்துட்டிருக்கறன்” என்றார் சபரீசன். கழுத்து வேர்த்திருந்தது.

அம்மா எங்களுக்கு ஓர் அறை முன்னால் போய்க்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், “ஃபயர் டிரில் பாத்தர்லாங்களா சார்” என்று மணியை அடித்துவிட்டார்.

5

தீ மணி அடித்தால் எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வர வேண்டும். வந்தார்கள். வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. ஒருவர் பாதி வழியில் செருப்பு மாறிவிட்டது என்று திரும்பிப் போனார். ஓர் அம்மாள், “நெசமாத் தீ புடிச்சா நான் இங்கயே இருந்துக்கறன், என்னைய விட்டுருங்க” என்று திண்டில் உட்கார்ந்துகொண்டார். அவரைத் தூக்கி வந்தார்கள். சபரீசன் நோட்டை வைத்துக்கொண்டு தலைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு, “சார், நீங்க ஆபீசுல உக்காந்து ஒரு டீ சாப்புடுங்க” என்றார்.

டீ குடித்துவிட்டு வெளியே வந்தேன். மரத்தடியில் எல்லோரும் அப்படியே நின்றிருந்தார்கள். அம்மா இல்லை. அறைகளில் பார்த்தேன். அம்புகள் இருந்தன, அம்மா இல்லை. கேட்டுக்கு வெளியே பல்லடம் ரோடு. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு கையில் கட்டுப் போட்ட எழுபத்து நான்கு வயது அம்மாவை, நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்களா என்று சோதிக்கக் கூட்டி வந்து, இரண்டு மணி நேரத்தில் நானே தொலைத்துவிட்டேன்.

“எங்கம்மா எங்கீங்க?” என்று சபரீசனைக் கேட்டேன்.

“எந்த அம்மா சார்?”

“என்னோட வந்தவிய. கையில கட்டு.”

அவர் என் முகத்தையே பார்த்தார். “அவங்க ஒங்க அம்மாங்களா? அப்ப நீங்க ஆடிட்டர் இல்லீங்களா?”

“நான் கட்டிங் மாஸ்டருங்க.”

சபரீசன் படியில் உட்கார்ந்துவிட்டார். “ரிஜிஸ்டர்ல நாப்பத்தி ரெண்டு பேருங்க. எண்ணினா நாப்பத்தி மூணு வருது. ஆடிட்ல ஒராளு கொறஞ்சா லீவுன்னு சொல்லிக்கலாம். ஒராளு அதிகமா இருந்தா சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. அதனால ஒருத்தர ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிட்டனுங்க.”

“ஏனுங்க எங்கம்மாவ?”

“மத்தவங்கெல்லாம் ஏன், எதுக்குன்னு கேட்டாங்க. அவங்க மட்டுந்தான் கூப்பிட்ட ஒடனே எந்திரிச்சு வந்தாங்க.”

திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. அந்தக் காலத்தில் ஆபீசர் வருகிறார் என்றால் கணக்கில் இல்லாதவர்களையும் வயது பத்தாதவர்களையும் ஸ்டோர் ரூமுக்கு அனுப்புவார்கள். நானும் பத்து வயதில் வேஸ்ட் துணிக் குவியலுக்குள் மூச்சை அடக்கிக் கிடந்திருக்கிறேன். சபரீசனுக்கு ஆடிட் என்றதும் அந்தப் பழைய வழிதான் கைக்கு வந்திருக்கிறது.

ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தேன். மூட்டை மூட்டையாகக் குழந்தைகள் டி-சர்ட். நடுவில் அம்மாவும் இன்னோர் அம்மாளும் உட்கார்ந்து, நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா கட்டுப் போட்ட கையால் துணியை அமுக்கிப் பிடித்து, நல்ல கையால் வெட்டினார்.

“சத்தம் போடாத. ஆடிட் நடக்குது” என்றார் அம்மா.

“ஆடிட்டர் நாந்தாம்மா.”

அந்த இன்னோர் அம்மாள் சின்னக் கத்தரியைச் சட்டென்று சேலைக்குள் மறைத்தார். பெயர் கண்ணம்மா. அமராவதி நகர்ப் பக்கம் ஒரு குழந்தைகள் விடுதிக்குக் கொடுக்கிற டி-சர்ட்டுகளாம் அவை. பிசிரோடு கொடுப்பதைப் பார்க்கச் சகிக்காமல் இவர் வெட்ட ஆரம்பித்திருக்கிறார். குடியிருப்பில் இருப்பவர்கள் கத்தரி வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அதனால் ஆடிட் அன்று கத்தரியோடு இவரையும் ஒளித்து வைத்திருந்தார்கள். அவரை லீவு என்று எழுதிவிட்டு, அவருக்குப் பதிலாகச் சமையல்காரரின் மாமியாரை மரத்தடியில் நிறுத்தியிருந்ததாக சபரீசன் அப்புறம் சொன்னார். எனக்கு அந்தக் கணக்கு இன்றுவரை முழுதாகப் புரியவில்லை.

“பயப்படாதீங்கக்கா, இவன் என்ற பையன்” என்றார் அம்மா.

“ஏம்மா, கூப்பிட்டா எதுக்குன்னு கேக்க மாட்டியா? நான் ரோட்டுல எல்லாந் தேடறன்.”

“பதிமூணு வயசுல, வயசு பத்தலீன்னு ஒளிச்சு வெச்சாங்க. அப்பயும் கேக்கல. இப்ப என்னத்தக் கேக்கறது?” ஒரு பிசிரை வெட்டி ஊதிவிட்டார். “வயசு சாஸ்தின்னு வெச்சிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டன்.”

6

நான் நாற்பது கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் வாங்கவில்லை. அம்மா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருந்தார். டாக்டர் வியாழக்கிழமை வருகிறார், நல்லவர், ஆனால் நின்றுகொண்டே பார்க்கிறார். இரவில் மணி அடித்தால் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி வருகிறாள், தமிழ் தெரியாது, ஆனால் ஓடி வருகிறாள். குளியலறைக் கைப்பிடியைத் தப்பான பக்கம் வைத்திருக்கிறார்கள். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். கண்ணம்மாவைப் பார்க்க ஏழு மாதமாக யாரும் வரவில்லை, மத்தியானத்தில் அழுகிறார்.

“அப்ப ரிஜெக்டு. வா, ஊட்டுக்குப் போலாம்” என்றேன். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. பையன் இருக்கும்போது எதற்கு ஹோம் என்று ஊரில் என் மாமா ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது.

அம்மா எழுந்திருக்கவில்லை. “இதெல்லாம் ஆல்டர் பீசு கண்ணு. பிரிச்சுத் தெச்சுக்கலாம்.”

“நம்மூட்ல என்ன கொறைன்னு இங்க வரோணும்ங்கற?”

அடுத்த டி-சர்ட்டை எடுத்து உள்பக்கம் திருப்பினார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். “இங்க மணி அடிச்சாங்க, எண்ணினாங்க. ஒராளு அதிகமா இருக்குதுன்னு அந்தப் பையன் வேர்த்துப் போயிட்டான். நம்மூட்ல நான் காத்தால உளுந்து பொழுதோட வரைக்கும் கெடந்தன். ஒராளு கொறையுதுன்னு எண்ணறதுக்கு ஆளில்ல.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணம்மா சேலைக்குள் இருந்து கத்தரியை எடுத்து என்னிடம் நீட்டினார். கொஞ்ச நேரம் மூன்று பேரும், இரண்டு கத்தரியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பிசிர் வெட்டினோம்.

சேர்க்கை விண்ணப்பத்தை அன்றைக்கே நிரப்பினோம். பெயர் என்ற இடத்தில் எந்த ராமாத்தாளை எழுதுவது என்று கேட்டேன். மூன்றையும் எழுதுங்க என்றார் சபரீசன். அவசர நேரத்தில் பொறுப்பாளர் வந்து சேர ஆகும் நேரம் என்று ஒரு கேள்வி. எதிரே மூன்று கட்டங்கள் இருந்தன. பதினைந்து நிமிடம், அரை மணி, ஒரு மணி. சபரீசனும் நானும் அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு நான் நான்காவதாக ஒரு கட்டம் வரைந்து, பக்கத்தில் ஒன்றரை நாள் என்று எழுதி, டிக் செய்தேன். கோடு நேராக வந்தது. அந்த வேலை எனக்குத் தெரியும்.

மீதி இருந்த நாட்களில் கைப்பிடியை நானே அளந்து கொடுத்து மாற்ற வைத்தேன். கத்தரியைக் கம்பெனியில் செய்வது போல நூலால் மேசையோடு கட்டிவிட்டால் யாரும் எடுத்துப் போக முடியாது என்று அம்மா சபரீசனுக்கு வழி சொன்னார். கட்டினார்கள். நிஜமான ஆடிட்டர் மறுநாள் வந்தாராம். முன்னெச்சரிக்கையாக சபரீசன் அவரிடம் முதல் கேள்வியாக, “உங்க அம்மா எங்கீங்க சார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். அவர் கண் கலங்கிவிட்டாராம். அதற்கப்புறம் எதையும் அவ்வளவாகச் சோதிக்கவில்லையாம்.

7

திரும்பி வந்த பிறகும் ஞாயிறு பன்னிரண்டரைக்குக் கூப்பிடுகிறேன். இப்போது தெரிவது வெள்ளை நிற விசிறி. அதன் ஓர் இறக்கையில் சிவப்பு அம்பு ஒட்டியிருக்கிறது. சத்தம் வருகிறதாம், இன்னும் சரி செய்யவில்லையாம். ஒரு ஞாயிறு கண்ணம்மா பக்கத்தில் இருந்து, “பையன்கிட்டச் சொல்லு, அடுத்த மொற வாறப்ப என்னையும் ரண்டு கேள்வி கேக்கோணும்னு” என்று குரல் கொடுத்தார்.

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எழுதினால் படித்துக்கொள்கிறேன்.

போன வாரம் பேசிக்கொண்டிருந்தபோதே மணி அடித்தது.

“இரு கண்ணு. டிரில்லு. போயி நிக்கோணும், எண்ணுவாங்க” என்று போனை அப்படியே கட்டிலில் விட்டுவிட்டு அம்மா போய்விட்டார். நான் துண்டிக்கவில்லை. விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மகன் சாப்பிட வந்தவன், என்ன பார்க்கிறாய் என்று கிரியோலில் கேட்டான். அப்பாயி எண்ணிக்கைக்குப் போயிருக்கிறார் என்று தமிழில் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் விசிறியைப் பார்த்தபடியே சாப்பிட்டோம்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கட்டில் கிறீச்சிட்டது.

“இருக்கறியா கண்ணு? எண்ணியாச்சு. நாப்பத்தி மூணு. சரியா இருக்குது.”

அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை.